24 வெற்றி, ஒரு புள்ளி, இரண்டு மைத்துனர்கள்

(2013 ஜூன் 23. போர்ட்டோ நகரில் புனித யோவான் திருவிழா இரவு. அன்றிரவு அந்த ஊரில் யார் தலையில் வேண்டுமானாலும் யாரும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டலாம். தட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது மரபு. வீட்டு வாசலில் தணலை மூட்டி மத்தி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார் ஆர்லிந்து, ரொட்டிக்கடைக்காரர், எஃப்.சி. போர்ட்டோ கால்பந்துக் குழுவின் ரசிகர். லிஸ்பனிலிருந்து வந்து இறங்குகிறார் மனுவேல். டாக்சி ஓட்டுநர், போர்ட்டோவின் எதிரிக் குழுவான பென்ஃபிகாவின் ரசிகர். மனுவேலின் தங்கைதான் ஆர்லிந்துவின் மனைவி.)

ஆர்லிந்து: வாருங்கள் மைத்துனரே, வாருங்கள். பயணமெல்லாம் வசதியாக இருந்ததா?

மனுவேல்: வசதிக்குக் குறைவில்லை. ஆனால் புறப்படும் முன்பே என் தங்கையிடம் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இன்றிரவு கால்பந்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

ஆர்லிந்து: நான் ஏன் பேசப் போகிறேன்? மீனைப் பாருங்கள், எவ்வளவு கொழுத்திருக்கிறது. மொத்தம் 92 மத்தி வாங்கினேன்.

மனுவேல்: 92 என்று யாராவது மீன் வாங்குவார்களா?

ஆர்லிந்து: மீன்காரர் 90 எண்ணிப் போட்டுவிட்டு முடிந்தது என்றுதான் சொன்னார். நான் கூடையை எடுக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். மேலும் இரண்டைப் போட்டார். விசில் ஊதும்வரை ஆட்டம் முடியவில்லை என்பதை உங்கள் குழுவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

மனுவேல்: தங்கச்சி! இவர் தொடங்கிவிட்டார்!

ஆர்லிந்து: அவள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்தாருங்கள், சோள ரொட்டித் துண்டின் மேல் மீனை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ரொட்டியில் ஊறட்டும்.

மனுவேல்: ஊறட்டும். நீங்களே தொடங்கிவிட்டதால் ஒரே ஒரு விளக்கம் மட்டும் அளித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் பருவத்தில் போர்ச்சுகல் லீகில் மொத்தம் 30 ஆட்டங்கள். நீங்கள் வென்றவை 24. நாங்கள் வென்றவை எத்தனை?

ஆர்லிந்து: அதுவும் 24தான்.

மனுவேல்: நீங்கள் சமநிலையில் முடித்தவை 6, நாங்கள் முடித்தவை 5. சமநிலை என்பது வெல்லத் தவறுவதுதானே? நீங்கள் ஆறு முறை தவறியிருக்கிறீர்கள், நாங்கள் ஐந்து முறைதான் தவறியிருக்கிறோம். அப்படியிருக்க, எந்த நியாயத்தின்படி நீங்கள் 78 புள்ளியோடு மேலேயும் நாங்கள் 77 புள்ளியோடு கீழேயும் இருக்கிறோம்?

ஆர்லிந்து: 24உம் 5உம் சேர்ந்தால் 29தான் வருகிறது மைத்துனரே. மீதி ஓர் ஆட்டம் எங்கே போயிற்று?

மனுவேல்: அது கணக்கில் வராது.

ஆர்லிந்து: ஏன் வராது?

மனுவேல்: அது உங்கள் ஊரில் நடந்தது.

ஆர்லிந்து: பதினாறு குழுக்கள் ஆடும் லீகில் பாதி ஆட்டங்கள் வேறு யாருடைய ஊரிலாவதுதான் நடக்கும். எங்களுக்கும் அப்படித்தான், நாங்கள் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லையே.

மனுவேல்: கோல் கணக்கைப் பாருங்கள். நாங்கள் அடித்தது 77, நீங்கள் அடித்தது 70. ஏழு கோல் கூடுதலாக அடித்தவன் இரண்டாவது என்றால் அந்தப் பட்டியலையே தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். அந்த ஏழில் ஒன்று மட்டும் மே 11ஆம் தேதி உங்களுக்கு எதிராக விழுந்திருந்தால்...

(ஆர்லிந்து சுத்தியலால் மனுவேலின் தலையில் தட்டுகிறார். அது கீச்சென்று கத்துகிறது.)

மனுவேல்: எதற்கு இது?

ஆர்லிந்து: திருவிழா. அதோடு வீட்டுக்கென்று ஒரு விதியும் வைத்திருக்கிறேன்: "மட்டும் இருந்தால்" என்று சொல்கிறவருக்கு ஒரு தட்டு.

மனுவேல்: சரி, அந்தச் சொற்களே இல்லாமல் பேசுகிறேன். வரலாற்றைப் பேசலாம் அல்லவா? 1977–78 பருவத்தில் நாங்கள் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இருபத்தொன்று வெற்றி, ஒன்பது சமநிலை. உங்களுக்கும் அதே புள்ளிகள். நீங்களோ ஓர் ஆட்டம் தோற்றும் இருந்தீர்கள். கோல் வித்தியாசத்தைக் காட்டிக் கோப்பையை உங்களிடம் கொடுத்தார்கள். என் அப்பா சாகும்வரை அந்த ஆண்டின் பட்டியலை மடித்துப் பணப்பையில் வைத்திருந்தார்.

ஆர்லிந்து: எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரித்துக் காட்டினாரே. ஆக, ஒன்றுமே தோற்காமல் ஒரு முறை பட்டத்தை இழந்தீர்கள், ஒன்றே ஒன்று தோற்று இன்னொரு முறை இழந்தீர்கள். அடுத்த முறை பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் தோற்றுப் பாருங்களேன். இதுவரை செய்து பார்க்காதது அது ஒன்றுதான்.

மனுவேல்: சிரியுங்கள். இந்த மே 11ஆம் தேதி இரவு என் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் லிமா 19ஆவது நிமிடத்தில் கோல் அடித்ததும் நான் தெருவுக்கு ஓடிப்போய் எதிர்வீட்டில் இருக்கும், லிஸ்பனின் இன்னொரு குழுவான ஸ்போர்ட்டிங்கின் ரசிகருடைய கதவைத் தட்டி வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் பந்து எங்கள் மக்ஸி பெரேராவின் மேலேயே பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது. அதையும் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் ஒன்றுக்கொன்று என்று முடிந்தாலே எங்களுக்குப் போதும். இரண்டு புள்ளி முன்னிலை அப்படியே நிற்கும், மிச்சமிருப்பது எங்கள் மைதானத்தில் மொரெய்ரென்சேவுக்கு எதிரான ஓர் ஆட்டம்தான். 90 நிமிடமும் முடிந்தது. மனைவியிடம் குளிர்பெட்டியிலிருந்து வைன் பாட்டிலை எடுக்கச் சொன்னேன்.

ஆர்லிந்து: எடுத்தார்களா?

மனுவேல்: எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் லியெட்சன் பந்தைத் தள்ளிவிட்டார். அந்த லியெட்சனைக் கவனியுங்கள். ஸ்போர்ட்டிங்கில் பல ஆண்டுகள் ஆடி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர், பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று நிம்மதியாக இருந்தோம். நீங்கள் கடனுக்கு வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அவர் கொடுத்த பந்தை 19 வயதுப் பையன், மாற்று ஆட்டக்காரனாக வந்த கெல்வின், இடது பக்கத்திலிருந்து குறுக்காக அடித்தான். பந்து தூரக் கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. கோட்டோரத்தில் எங்கள் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸ் மண்டியிட்டார். என் வீட்டு வரவேற்பறையில் நானும் மண்டியிட்டேன்.

ஆர்லிந்து: அதே நேரத்திலா?

மனுவேல்: அதே நேரத்தில். பாட்டிலோடு உள்ளே வந்த என் மனைவி, கோயில் பக்கமே போகாத மனிதன் கடைசியில் ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டான் என்று நினைத்து, மகிழ்ச்சியில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டாள். உண்மை என்னவென்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு அழைத்துப் போகிறாள்.

ஆர்லிந்து: அப்படியானால் கெல்வின் ஓர் ஆன்மாவையும் காப்பாற்றியிருக்கிறான். எங்கள் பயிற்சியாளர் விட்டோர் பெரேரா அன்று கோட்டோரமாக ஓடிய ஓட்டத்தைப் பார்த்தீர்களா?

மனுவேல்: நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. நான்கே நாளில் ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பா லீக் இறுதி. செல்சியின் இவானோவிச் 93ஆவது நிமிடத்தில் தலையால் முட்டினார். அது ஒரு நிமிடம் முன்னேற்றம்.

ஆர்லிந்து: உங்கள் பழைய பயிற்சியாளர் பேலா குட்மான் விட்ட சாபம் என்று உங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிறார்களே. 1961இலும் 1962இலும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்காமல் விட்டதால், நூறாண்டுக்கு ஐரோப்பாவில் வெல்ல மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மனுவேல்: அதற்குப் பிறகு ஏழு இறுதியாட்டங்கள், ஏழும் தோல்வி. நான் மூடநம்பிக்கை உள்ளவன் அல்ல. ஆனால் ஏழு வரை எண்ணத் தெரிந்தவன்.

ஆர்லிந்து: அவர் முதலில் எங்களிடம் இருந்தவர். 1959இல் எங்களுக்குப் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு நேராக உங்களிடம் வந்தார். நீங்கள்தான் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

மனுவேல்: அவர் போன பிறகு உங்களுக்கு அடுத்த பட்டம் எப்போது கிடைத்தது?

ஆர்லிந்து: (மீனைத் திருப்பியபடி) 1978இல்.

மனுவேல்: பத்தொன்பது ஆண்டுகள்! உங்களுக்கும் கொஞ்சம் சபித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இருங்கள், மே மாதக் கதை இன்னும் முடியவில்லை. 26ஆம் தேதி ஜமோர் மைதானத்தில் போர்ச்சுகல் கோப்பையின் இறுதியாட்டம். கிமராயஸ் ஊரின் விட்டோரியாவுக்கு எதிராக ஆட்டம் முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கும்வரை நாங்கள் முன்னிலை. அப்புறம் இரண்டே நிமிட இடைவெளியில் இரண்டு கோல். மறுநாள் காலை சுவரிலிருந்த நாட்காட்டியில் மே மாதத் தாளைக் கிழித்துப்போட்டேன். மின் கட்டணம் கட்டவேண்டிய தேதியும் அதோடு போய்விட்டது.

ஆர்லிந்து: மனதைத் தேற்றிக்கொள்ள உங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

மனுவேல்: ஸ்போர்ட்டிங் இருக்கிறதே.

ஆர்லிந்து: ஆமாம், அதை மறந்துவிட்டேன்!

மனுவேல்: ஏழாவது இடம். அவர்கள் வரலாற்றிலேயே இவ்வளவு கீழே போனதில்லை. ஒரே பருவத்தில் நான்கு பயிற்சியாளர்களைப் பார்த்தார்கள். என் எதிர்வீட்டுக்காரர் கடைசிப் பயிற்சியாளரின் பெயரைக் கற்றுக்கொள்ளவே மறுத்துவிட்டார். மேசை நாற்காலி செய்து பிழைக்கும் பாசோஸ் தெ ஃபெரெய்ரா என்ற சிறிய ஊர் மூன்றாவதாக வந்து சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போகிறது, ஸ்போர்ட்டிங் ஏழாவது.

(இருவரும் கோப்பைகளை மோதிக்கொள்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் இருவரும் ஒரே காரணத்துக்காகக் குடிப்பது அரிதாகவே நடக்கும்.)

மனுவேல்: அந்தப் பாசோஸின் பயிற்சியாளர் பாவ்லோ ஃபொன்செகாவைத்தானே நீங்கள் இப்போது அழைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? பட்டம் வாங்கித் தந்த விட்டோர் பெரேரா சவூதிக்குப் போய்விட்டார், உங்கள் ஆட்டக்காரர்கள் ஹாமெஸையும் மொட்டீனியோவையும் மொனாக்கோ குழு 70 மில்லியன் யூரோவுக்கு வாங்கிவிட்டது. இனி யார் ஆடப் போகிறார்கள்?

ஆர்லிந்து: ஜாக்சன் மார்ட்டினெஸ் இருக்கிறார், 26 கோல் அடித்தவர். சென்ற செப்டம்பரில் எங்கள் ஹல்க்கை ரஷ்யாவின் ஜெனித் குழுவுக்கு விற்றபோதும் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். அதே நாளில் அதே ஜெனித் உங்கள் விட்செலையும் வாங்கிக்கொண்டு போனது. விற்பதில் நாம் இருவரும் சமம். விற்ற பிறகு வெல்வதில்தான் வித்தியாசம். உங்களுக்கு எல்லாக் கெடுதலும் கெல்வினால்தான் வந்தது என்ற நினைப்பு, அல்லவா?

மனுவேல்: வேறு யாரால்?

ஆர்லிந்து: ரொட்டிக்கடையில் தினமும் சில்லறை எண்ணுகிறவன் சொல்கிறேன், கேளுங்கள். மே 6ஆம் தேதி, திங்கட்கிழமை, உங்கள் சொந்த மைதானத்தில் எஸ்டோரில் ஊர்க் குழுவோடு ஒன்றுக்கொன்று என்று முடித்தீர்கள். அன்று வென்றிருந்தால் இரண்டு புள்ளி கூடுதல். அப்புறம் கெல்வின் 92இல் அடித்தால் என்ன, 192இல் அடித்தால் என்ன? பருவம் முடியும்போது நீங்கள் 79, நாங்கள் 78.

(மனுவேல் சுத்தியலை எடுத்து ஆர்லிந்துவின் தலையில் தட்டுகிறார்.)

மனுவேல்: "இருந்தால்" என்று சொன்னீர்கள். ஆனாலும் திரும்பச் சொல்லுங்கள். 79ஆ?

ஆர்லிந்து: 79. கெல்வின் கோலையும் கழிக்காமல்.

மனுவேல்: ஐயோ! அன்று மாலை நான் எங்கே இருந்தேன் தெரியுமா? எஸ்டோரிலுக்குத்தான் ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு போனேன். அங்குள்ள சூதாட்ட விடுதிக்குப் போக வேண்டும் என்றார். வழியெல்லாம் வானொலியில் ஆட்டம். விடுதி வாசலில் இறங்கும்போது, "இன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம் இருக்குமா?" என்று அவர் கேட்டார். "இந்த ஊருக்கு இன்று எந்த அதிர்ஷ்டமும் கிடையாது, பென்ஃபிகா வென்றுவிடும்" என்றேன். திரும்பும்போது எங்கள் இரண்டு புள்ளிகளை அந்த ஊரிலேயே இறக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆர்லிந்து: போன ஆண்டுதான் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த குழு அது. இந்த ஆண்டு ஐந்தாவது.

மனுவேல்: ஐந்தாவது என்றால் ஐரோப்பா லீகில் ஆடுவார்களா?

ஆர்லிந்து: தகுதிச் சுற்றில் தொடங்குவார்கள். வெளிநாட்டு ரசிகர்களெல்லாம் விமானத்தில் வந்து இறங்குவார்கள்.

மனுவேல்: எந்த விமான நிலையத்தில்?

ஆர்லிந்து: லிஸ்பனில்தான். அங்கிருந்து எஸ்டோரிலுக்கு எப்படியும் வண்டி வேண்டும்.

மனுவேல்: (மத்தியின் முள்ளை மெதுவாக உருவியபடி) விமான நிலையத்திலிருந்து நேர்வழியில் போனால் அரை மணி நேரம் ஆகும். கடலோரச் சாலையில் போனால் காட்சி நன்றாக இருக்கும், மீட்டரும் நன்றாக ஓடும். சின்த்ரா மலையைச் சுற்றிக்கொண்டும் ஒரு வழி இருக்கிறது.

ஆர்லிந்து: மைத்துனரே, அவர்கள் விருந்தாளிகள், எஸ்டோரில் ஊர்க்காரர்கள்கூட அல்ல.

மனுவேல்: அதனால் என்ன? இரண்டு புள்ளி வசூலாகும்வரை எல்லாரும் சின்த்ராவைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.