நல்ல மைக்காம்!

கச்சேரிக்குப் பிளாஸ்டிக் கேரி பேக் கொண்டுவருகிறவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். 2019-லிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை. ஆனால் எந்தச் சபாவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் மடியில் அது உட்கார்ந்திருக்கும்.

மார்கழியில் மைக் வைக்காத கச்சேரி கிடைப்பதே அபூர்வம். சின்னக் கூடம், ஸ்பீக்கர் கிடையாது, குரலும் வயலினும் மிருதங்கமும் தம்புராவும் அப்படியே வந்து விழும். அதைப் பதிவு செய்ய, பாடுகிறவரிடம் அனுமதி வாங்கி, மேடையிலிருந்து நாலு மீட்டர் தள்ளி என் ரெக்கார்டிங் மைக் ஸ்டாண்டைப் போடுவேன். இரண்டு மைக்குக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. மைக்குகளுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் கையடக்க ரெக்கார்டரிலிருந்தே போகும். இன்னும் கிட்டே போனால் மிருதங்கம் குரலை அமுக்கிவிடும், தள்ளிப் போனால் கூடத்தின் எதிரொலிதான் மிஞ்சும்.

தோடி ராக ஆலாபனை. மந்தர ஸ்தாயியில் காந்தாரம் லேசாக அசைகிறது. கரக். கரக். கரக். பக்கத்து இருக்கை மாமா கேரி பேக்கில் இருமல் மிட்டாய் தேடுகிறார். இருமியிருந்தால்கூட ஒரு நொடியில் போயிருக்கும். திரும்பிப் பார்த்தால், "மெதுவாத்தானேப்பா எடுக்கறேன்" என்கிறார். மெதுவாக எடுத்தால் சத்தம் குறையாது, நீளத்தான் செய்யும்!

அவருக்கு அது கேட்காது. வேண்டாததை ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்க மனிதக் காதுக்கும் மூளைக்கும் தெரியும். மைக்குக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. பாடகர் நாலு மீட்டரில், பை அரை மீட்டரில். எட்டு மடங்கு கிட்டே. திறந்தவெளிக் கணக்கில் பைக்கு 18 டெசிபல் சலுகை.

"அதான் கம்ப்யூட்டர்ல நாய்ஸை எடுத்துடலாமே" என்று உடனே ஒருவர் வருவார். ஃபேன், ஏசி இரைச்சல் ஒரே சீராக இருக்கும், ஓரளவு குறைக்கலாம். கசங்கும் பை நொடிக்கு நொடி மாறும். வில் தந்தியை உரசும் ஒலியும் அதே உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. பையைத் துடைக்கப் போனால் வயலினுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும்.

பேஷ், பலே எல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள், அது கச்சேரியின் பாகம். ஆனால் மோதிரக் கையால் நாற்காலியில் தாளம் தட்டாதீர்கள். தப்பாகத் தட்டினால் அதுவும் ரெக்கார்டிங்கில் நிற்கும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் நாற்காலியைக் கிறீச்சிட்டுக் கேன்டீனுக்கு ஓடுகிறவர்களைத் திட்ட எனக்கு இன்னொரு பதிவு வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் அதே மாமா, "அந்தத் தோடியை வாட்ஸப்ல அனுப்பேன்" என்றார். பாடகரைக் கேட்டுக்கொண்டு அனுப்பினேன். பதில் வந்தது: "என்னப்பா, நடுவுல ஒரே கரகரங்கறது. நல்ல மைக்கா வாங்கப்படாதோ?"

நல்ல மைக்காக இருப்பதால்தானே மாமா, மிட்டாய்த் தாளைப் பிரித்தது வரைக்கும் விழுந்திருக்கிறது!