சேலம் ஓர் ஆற்றங்கரை ஊர்

சேலத்துக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் சேலத்தைப் பார்ப்பதே இல்லை. இறங்கியதும் ஏற்காடு பஸ் எங்கே நிற்கும் என்றுதான் கேட்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே தெரியும் ஊரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஏற்காடு எனக்கும் பிடிக்கும். ஆனால் போட்டோவில் விழுந்த அந்த ஊருக்குள் அரை நாளாவது நடந்து பாருங்கள்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு ஊருக்கு நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், கோட்டைப் பள்ளிவாசல் எல்லாம் இந்த ஆற்றை ஒட்டி, நடந்தே பார்த்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. தெற்கே உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலும் இதே கரைதான். பாரி மகளிருக்கு ஔவையார் கல்யாணம் செய்துவைத்த ஊர் என்று சொல்வார்கள்.

காலையில் சுகவனேஸ்வரரில் தொடங்குங்கள். சுக முனிவர் கிளி உருவில் பூஜித்த தலம் என்பது ஐதீகம், அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியிருக்கிறார். அங்கிருந்து சின்னக்கடை வீதி வழியாகக் கோட்டை. மதிலைத் தேட வேண்டாம், இன்று பெயர்தான் நிற்கிறது. ஆடி மாதம் வந்தால் எட்டுப் பேட்டை மாரியம்மனுக்கும் சேர்த்துத் திருவிழா, அப்போது இந்தப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. 1866-லேயே நகராட்சி ஆன ஊர் இது. 1917-இல் ராஜாஜி அதன் தலைவரானார்.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை வாசலில் நின்றாவது பாருங்கள். கம்பியாக இழுத்த வெள்ளியைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, சலங்கையைக் கடைசியில் மாட்டுவார்கள். பல வீடுகளில் குடும்பமே உட்கார்ந்து செய்கிற வேலை. சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் சாப்பிடாமல் போகக் கூடாது: மொறுமொறு தட்டுவடையில் சட்னி தடவி, பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை அழுத்தி அப்படியே வாயில் போட வேண்டும். மறுநாள் ஏற்காடு போகிறவர்கள் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கவனியுங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் அவர்களிடமிருந்துதான் வந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. வெளியூர் நண்பர்களை அழைத்துக்கொண்டு பாலத்தின் மேல் நின்றால் கீழே கறுப்புத் தண்ணீர், நுரை, பிளாஸ்டிக். இது ஆறு என்று நான் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிகிறது. மலையில் பெருமழை பெய்தால் செந்நீர் புரண்டு வரும், ஓரிரு நாள் ஆறாகவே இருக்கும். பிறகு பழையபடி சாக்கடை. கரைக்கு கான்கிரீட் சுவர் எழுப்புவதால் மட்டும் இது தீராது. வீட்டுக் கழிவும் சாயப்பட்டறைத் தண்ணீரும் உள்ளே வருவது நிற்க வேண்டும். சாயத் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுக்காமல், பொதுச் சுத்திகரிப்பு வசதி கொடுத்து அதைச் செய்ய வேண்டும்.

முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணையே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. அதைச் செய்த ஊர்தான் இதுவும்.

ஆறு சுத்தமானால் சுகவனேஸ்வரர் கோயில் பக்கமிருந்து கோட்டை வரை கரையோரமாக நிழலோடு ஒரு நடைபாதை வேண்டும். எது எந்தக் காலத்தது என்று தமிழில் எழுதிய பலகைகள் வேண்டும், உட்கார நாலு திண்ணை வேண்டும். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வருகிற எங்கள் ஊர்க்காரர்களே முதலில் அதில் நடப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அவர்கள் பின்னாலேயே வருவார்கள்.