ஆறாவது மாடிப் பாட்டியும் ஒன்பது கனிகளும்

(யாங்கோன், அதாவது பர்மாவின் பழைய ரங்கூன். அனோரத்தா ரோட்டுப் பக்கம் ஒரு தோசைக் கடை. ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம். வழக்கம்போல் கரண்ட் இல்லை.)

டேனியல்: அக்கா, உள்ளே ஒரே வெறுமையாக இருக்கிறது.

எஸ்தர் அக்கா: எவ்வளவு?

டேனியல்: என்ன எவ்வளவு?

எஸ்தர் அக்கா: தொகையைச் சொல்லு தம்பி. கல்லில் தோசை கிடக்கிறது.

டேனியல்: பணம் கேட்கவில்லை அக்கா. மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

எஸ்தர் அக்கா: மூன்று மாத வாடகையா?

(அக்காவைக் குறை சொல்ல முடியாது. சபையில் கடன் கேட்க வருகிறவர் யாரும் கடன் என்று ஆரம்பிப்பதில்லை. முதலில் பெருமூச்சு. பிறகு ஒரு வசனம். அடுத்து, "கர்த்தர் உங்கள் பெயரை என் இருதயத்தில் வைத்தார்." அந்த வாக்கியம் வந்துவிட்டால் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான்.)

டேனியல்: வாடகையெல்லாம் கொடுத்தாயிற்று. தேவன் என்னை எதற்காகப் படைத்தார்? அதுதான் என் கேள்வி. அதைக் கேட்கத்தான், கர்த்தர் உங்கள் பெயரை என் இருதயத்தில்...

எஸ்தர் அக்கா: பார்த்தாயா, வந்துவிட்டது! போன மாதம் ஒரு சகோதரர் இதே பெஞ்சில் உட்கார்ந்து "ஆத்துமா தாகமாக இருக்கிறது" என்றார். பாவமே என்று ஒரு லட்சம் சாட் கொடுத்தேன். தாகம் தீர்ந்துவிட்டது போல. ஆளையே காணோம்.

டேனியல்: நான் அந்த மாதிரி ஆள் இல்லை. நான் ஆவிக்குரிய வளர்ச்சிப் பயிற்சியில் இருக்கிறேன். ஜூமில் நடக்கிறது. இதோ பாருங்கள், கட்டம் போட்ட தாள். வேதாகமத்தில் கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் சொல்லும் ஆவியின் ஒன்பது கனிகள், அன்பு, சாந்தம், இச்சையடக்கம் மாதிரிக் குணங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று வாராவாரம் மார்க் போட வேண்டும்.

எஸ்தர் அக்கா: சாந்தம் ஒன்பதா? யார் போட்டது?

டேனியல்: நானேதான்.

எஸ்தர் அக்கா: உன் பெண்டாட்டியிடம் இந்தத் தாளைக் காட்டினாயா?

டேனியல்: இதற்கெல்லாம் அவளுக்கு இன்னும் முதிர்ச்சி போதாது அக்கா.

எஸ்தர் அக்கா: இச்சையடக்கம் எட்டு. இது எத்தனையாவது தோசை?

டேனியல்: நாலாவது. தாளைக் கொடுங்கள்.

எஸ்தர் அக்கா: மாற்கு நாலாம் அதிகாரத்தில் விதை விதைத்தவன் என்ன செய்தான்? தூங்கினான், எழுந்தான். அவனுக்கே தெரியாமல் பயிர் முளைத்தது. நீ ராத்திரி முழுக்க முழித்து, முளைத்ததா முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கிறாய். எப்படி முளைக்கும்? சரி, இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் உண்டா?

டேனியல்: கட்டணம் இல்லை. காணிக்கை.

எஸ்தர் அக்கா: எவ்வளவு?

டேனியல்: அறுபதாயிரம் சாட். இரண்டாம் நிலைக்கு.

எஸ்தர் அக்கா: கையில் இருக்கிறதா?

டேனியல்: அதுதான்... கர்த்தர் உங்கள் பெயரை...

எஸ்தர் அக்கா: முதலிலேயே கேட்டேன் இல்லையா? அறுபதாயிரம் என்று அப்போதே சொல்லியிருந்தால் ஒரு தோசை கருகாமல் இருந்திருக்கும்!

டேனியல்: நீங்கள் காசிலேயே நிற்கிறீர்கள். பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயாவுக்குத் தன் அழைப்பு என்ன என்று தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு எனக்கும் வேண்டாமா?

எஸ்தர் அக்கா: அவர் 1813இல் இதே ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மாக்காரருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். நடுவில் ஆறு வருஷம் உட்கார்ந்து பர்மிய மொழி படித்தார், எழுதினார், வந்தவர்களோடு பேசினார். உனக்கு ஆறு வாரத்தில் இரண்டாம் நிலை!

டேனியல்: அவர் அன்றைய தலைநகர் ஆவாவில் சிறையிலும் இருந்தார். நானும் ஒரு விதத்தில் உள்ளுக்குள்ளே சிறையில்தான்...

எஸ்தர் அக்கா: அவர் சிறையில் கிடந்தபோது, பர்மிய மொழியில் பெயர்த்த வேதாகமக் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் அம்மா தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடிக்க 1834 ஆயிற்று. உன் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது?

டேனியல்: போன். சார்ஜ் இல்லை.

(இந்த மாதிரிப் பயிற்சி நடத்துகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடிக்க என்று நடக்கும் வகுப்புகளில் இதுவரை யாரும் யாரையும் படிக்கட்டு ஏறச் சொல்லி நான் கேட்டதில்லை.)

எஸ்தர் அக்கா: போன ஞாயிறு ஜெப நேரத்தில் எதிர்க் கட்டடத்து ஆறாவது மாடிப் பாட்டிக்காக ஜெபித்தது யார்?

டேனியல்: நான்தான். கண்ணீரோடு ஜெபித்தேன்.

எஸ்தர் அக்கா: என்ன கேட்டாய்?

டேனியல்: ஜீவத்தண்ணீரால் அவர்களை நிரப்பும் ஆண்டவரே என்று.

எஸ்தர் அக்கா: அந்தக் கிழவி கேட்டது குடிதண்ணீர்.

டேனியல்: ...

எஸ்தர் அக்கா: கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குழாயில் சொட்டு இல்லை. அந்தக் கட்டடத்தில் லிப்டும் கிடையாது. காய்கறி வாங்க பால்கனியிலிருந்து கயிறு விடுகிறாள். கத்தரிக்காய் கயிற்றில் ஏறும், 20 லிட்டர் கேன் ஏறுமா? அவளுக்கு முழங்கால் மடங்காது. உங்கள் ஜெபக்குழுவில் ஆம்பிளைகள் ஏழு பேர். ஏழு பேரும் ஆமென் சொன்னீர்கள். அப்புறம் ஏழு பேரும் இங்கேதான் வந்து டீ குடித்தீர்கள்.

டேனியல்: அது எங்களுக்கு வெளிப்படுத்தப்படவில்லை அக்கா.

எஸ்தர் அக்கா: கயிறு உன் தலைக்கு மேலேதான் தொங்குகிறது. நிமிர்ந்து பார்.

டேனியல்: தண்ணீர் தூக்குவது என் வரம்தானா என்று முதலில் ஜெபித்து...

எஸ்தர் அக்கா: தோள் இருக்கிறதா?

டேனியல்: இருக்கிறது.

எஸ்தர் அக்கா: அதுதான் வரம். கேன் அந்த மூலையில் இருக்கிறது. காசு நான் கொடுத்தாயிற்று.

டேனியல்: சரி. ஆனால் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தயவிலா, நற்குணத்திலா?

எஸ்தர் அக்கா: மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கும். அங்கே உட்கார்ந்து யோசி.

டேனியல்: பேனா இருக்கிறதா அக்கா?

எஸ்தர் அக்கா: கேனைத் தூக்குடா!