ஹைடல்பெர்க் கோட்டையை இடித்தவை உலகப்போர் குண்டுகள் அல்ல

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டையை இரண்டாம் உலகப்போரில் விமானங்கள் குண்டுவீசித் தகர்த்ததாக ஒரு படம் சுற்றுகிறது. தவறு. அந்தப் போரில் ஹைடல்பெர்க் நகரம் பெரிய சேதமில்லாமல் தப்பியது. கோட்டை அதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே இடிந்துவிட்டது.

இடித்தது பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை. 1689-இல் தீ வைத்தார்கள். 1693-இல் திரும்பி வந்து வெடி வைத்தார்கள். வெடிமருந்துக் கோபுரத்தின் தடித்த சுவர் அன்று பிளந்து சரிந்தபடியே இன்றும் கிடக்கிறது. படத்தில் பார்த்தாலே மனம் கனக்கிறது. 1764-இல் இடி விழுந்து மீண்டும் எரிந்தது. பிறகு ஊரார் வீடு கட்டக் கற்களைப் பெயர்த்துப் போனார்கள். அதைத் தடுக்கப் போராடியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான்: சார்ல் த கிராம்பெர்க். இந்த உண்மையை அல்லவா பகிர வேண்டும்!

இப்போது அந்த முற்றத்தில் கோடைதோறும் நாடக, இசை விழா நடக்கிறது. மண்டபத்தில் விருந்துகளும் உண்டு.