நாய்ச் சோத்துல இருக்கிற ஓட்டை

சேலத்துல நாய்ச் சோறுன்னா ஒரு வழக்கம் இருக்கு. கறிக்கடையில கழிச்சுப் போட்ட தலை, கால், கழுத்தை வாங்கிட்டு வந்து ரேஷன் அரிசியோட குக்கர்ல நாலு விசில் விடுறது. கொஞ்சம் வசதியான வீடுன்னா போன்லெஸ், பொன்னி அரிசி, மேல ரெண்டு கேரட். சைவ வீடுன்னா தயிர்சாதம். பார்க்க மூணும் வேற வேற. மூணுலயும் பெரிய ஓட்டை ஒண்ணுதான்: கால்சியம்.

கணக்கு இதுதான். தோல் நீக்கின கோழிக்கறி 100 கிராம்ல பாஸ்பரஸ் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம், கால்சியம் வெறும் 10 சொச்சம். அரிசியும் அதே கதைதான், பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் அற்பம். நாய்க்கு ரெண்டும் சமமா, இல்லை கால்சியம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ (பிராணிகள் தீவனத்துக்குச் சத்து அளவு வகுக்கிற அமெரிக்கச் சங்கம்) அளவுகோல் கேட்கிறது 1,000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 1.25 கிராம் கால்சியம், 1 கிராம் பாஸ்பரஸ். வெறும் கறியும் சோறும் போட்டா கால்சியம் பத்துல ஒரு பங்கு கூட வராது.

அப்போ உடம்பு என்ன பண்ணும்? ரத்தத்துல கால்சியம் குறைய விடாது. தைராய்டை ஒட்டியிருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைச்சு ரத்தத்துக்கு அனுப்பும். அதனாலதான் "டெஸ்ட் எடுத்தோம், கால்சியம் நார்மல்னு வந்துடுச்சு" என்கிற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. எலும்பை வித்துக் கட்டின கணக்கு அது. குட்டின்னா சில வாரத்துலயே கால் வளையும், நடக்க வலிக்கும், சோபாவுல இருந்து குதிச்சாலே எலும்பு உடையும். பெரிய நாய்ல மாசக்கணக்கா, வருஷக்கணக்கா சத்தமில்லாம நடக்கும். பல் ஆடுற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இதை அடைக்க மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். நாமக்கல் பக்கத்துல இருக்கு, நம்ம ஊர்ல முட்டைக்கா பஞ்சம்? சோத்துல இருக்கிற ஓட்டையை அடைக்கத் தேவையான ஓட்டை நாமளே தினமும் குப்பையில போடுறோம். முட்டை ஓடு ஏறக்குறைய முழுக்க கால்சியம் கார்பனேட். 1 கிராம் பொடியில சுமார் 380 மில்லிகிராம் கால்சியம். ஒரு முட்டையோட ஓடு 5, 6 கிராம் தேறும்.

ஓட்டை நல்லாக் கழுவி 10 நிமிஷம் கொதிக்க விடுங்க, அதுல ஒட்டியிருக்கிற சால்மொனெல்லா கிருமி சாகணும். வெயில்ல காய வச்சு, வெறும் வாணலியில ஈரம் போற வரைக்கும் வறுத்து, மிக்ஸியில ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. மைதா மாதிரி வரணும். ரவை பதத்துல நிறுத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. கரகரன்னு இருந்தா சரியா உடம்புல சேராது, வயித்தையும் உறுத்தும். மெல்லிசான வெள்ளைத் துணியில சலிச்சு, மேல நிக்கிறதை மறுபடி மிக்ஸியில போடுங்க. காத்துப் புகாத டப்பாவுல மாசக்கணக்கா கெடாம இருக்கும்.

இப்போ சமையல். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செஞ்ச, வீட்டோட இருக்கிற வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கிலோ கலோரி. அதுக்குத் தோல் நீக்கின கோழிக்கறி 200 கிராம், அரிசி 60 கிராம், ஒரு முட்டை, கோழி ஈரல் 20 கிராம், பரங்கிக்காய் கேரட் பீன்ஸ் எது கிடைச்சாலும் 60 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன், முட்டை ஓட்டுப் பொடி 2 கிராம். எடை எல்லாமே வேகாத எடை. கறி வெந்தா 200 கிராம் 150 பக்கம் சுருங்கிடும். வெந்த கறியை 200 கிராம் நிறுத்துப் போட்டா கணக்கு மொத்தமும் போச்சு. தோலோட போட்டாலும் அப்படித்தான், 150 கிலோ கலோரிக்கு மேல எகிறும். பக், லேப் மாதிரி சும்மாவே ஊதுற ஜாதிக்கு அது கொழுப்பு மட்டும் இல்லை, கணைய அழற்சிக்கும் வழி.

2 கிராம் பொடிங்கிறது அரை டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. ஸ்பூனை நம்பாதீங்க, சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க. வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை இருக்கிற ஊர்ல கிராம் கணக்கைப் பத்தி நான் பாடம் எடுக்கக் கூடாதுதான்! ஆனா நாய்த்தட்டுன்னு வந்தா எல்லாருக்கும் கை அளவுதான்.

கறியை மூழ்குற அளவு தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியிலேயே அரிசியைக் குழைய விடுங்க. வடிச்சுக் கொட்டினா பி வைட்டமின் எல்லாம் சாக்கடைக்குத்தான் போகும். காயைத் துருவி வேக வைங்க, துண்டு துண்டா போட்டா போட்டபடியே வெளிய வரும். ஏற்காட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம்: 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சுடும். திறந்த பாத்திரத்துல அரிசி வெந்த மாதிரி தெரியும், நடுவுல ஊசி நிக்கும். வேகாத மாவுச்சத்து நாய்க்குக் காத்தும் இளகின மோஷனும்தான் கொடுக்கும். அங்க குக்கர் கட்டாயம். முட்டையையும் வேக வைங்க. எண்ணெயும் ஓட்டுப் பொடியும் மத்த சத்துப் பொடியும் ஆறின பிறகுதான்.

ஈரலை 20 கிராமுக்கு மேல ஏத்தாதீங்க. விலை குறைவு, நாய் ஆசையா தின்னுதுன்னு தினமும் 100, 150 கிராம் போடுற வீடுகள் இருக்கு. வைட்டமின் ஏ உடம்புல தேங்கி, கழுத்தெலும்பும் மூட்டும் இறுகிப் போற அளவுக்குக் கூடக் கொண்டு போகலாம். அதுக்காக ஈரலே வேண்டாம்னும் விட முடியாது, வைட்டமின் ஏ பெரும்பாலும் அதுல இருந்துதான் வருது.

இனி எதிர்க்கேள்விகள். "கேழ்வரகுல இல்லாத கால்சியமா?" இருக்கு, 100 கிராம்ல 340, 350 மில்லிகிராம். ஆனா 2 கிராம் ஓட்டுப் பொடி கொடுக்கிறதைக் கேழ்வரகுல எடுக்கணும்னா 200 கிராமுக்கு மேல மாவு போட்டுக் களி கிண்டணும். 10 கிலோ நாயோட ஒரு நாள் கலோரி மொத்தமும் அதுலயே தீர்ந்துடும், கறிக்கு இடமே இருக்காது. போதாததுக்கு அதுல இருக்கிற ஃபைட்டேட்ங்கிற பொருள் கால்சியத்துல ஒரு பங்கைப் பிடிச்சு வச்சுக்கும். அரிசிக்குப் பதிலா நல்லா வெந்த களி போடுங்க, தப்பில்லை. கால்சியத்துக்குன்னு நம்பாதீங்க. தயிரும் அப்படித்தான், அரை லிட்டருக்கு மேல ஊத்தணும். தயிர்சாதத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. 1,000 கிலோ கலோரிக்கு நாய்க்கு 45 கிராம் புரதமாவது வேணும்னு அளவுகோல் சொல்லும், தயிர்சாதம் தர்றது 30 கிராமைத் தொட்டாலே பெருசு. முடி வறண்டு கொட்டுறதுக்கு லினோலெயிக் அமிலம்ங்கிற கொழுப்புச் சத்து இல்லாததும் ஒரு காரணம். அந்த ஒரு டீஸ்பூன் எண்ணெய் அதுக்குத்தான்.

"கழுத்து, காலுல எலும்பு இருக்கே?" இருக்கு, எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு நாள் அதிகம், ஒரு நாள் கம்மி. வெந்த எலும்பு ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிக்கிற ஆபத்து தனி. கோழிக்கால்ல பெரும்பகுதி தோலும் நரம்பும், அந்தப் புரதத்துல தேவையான அமினோ அமிலங்கள் முழுசா இல்லை. மோஷன் வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தா எலும்போ ஓட்டுப் பொடியோ அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம்.

ஜவ்வரிசி? நம்ம ஊர்ச் சரக்குதான், மறுக்கலை. ஆனா அது சுத்தமான மாவுச்சத்து, புரதம் இல்லவே இல்லைன்னு சொல்லலாம். ஆரோக்கியமான நாய்க்கு அதுல லாபமில்லை. பாஸ்பரஸ் மிகக் குறைவுங்கிறதால சிறுநீரகம் பழுதான நாய்க்கு டாக்டர் மேற்பார்வையில பயன்படும், அவ்வளவுதான்.

இவ்வளவும் செஞ்சா சரிவிகித உணவு ஆயிடுச்சான்னு கேட்டா, இல்லை. இதைச் சொல்லாம சமையல் குறிப்பு மட்டும் போடுறவங்க மேல எனக்குக் கோபமே உண்டு. மேல சொன்ன தட்டுல துத்தநாகம் 5 மில்லிகிராம் தேறலாம், வேண்டியது 12. வைட்டமின் ஈ, டி, அயோடின், மாங்கனீஸ் எல்லாமே குறையும். கண்ணைச் சுத்தியும் வாயோரமும் பக்கு கட்டி, பாதம் தடிச்சு வெடிச்சா துத்தநாகம் போதலைன்னு சந்தேகப்படணும். சொறின்னு நினைச்சு மாசக்கணக்கா மருந்து தடவிட்டு இருப்பாங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளி 2013ல வெளியிட்ட ஆய்வுல, புத்தகங்கள்லயும் இணையத்துலயும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பிரிச்சுப் பார்த்தாங்க. 95 சதவீதத்துல ஒரு சத்தாவது குறைஞ்சிருந்தது. அதுல பலது கால்நடை மருத்துவர்களே எழுதினது.

அதனால வீட்டுச் சமையலுக்குன்னே தயாரான வைட்டமின், தாது உப்புப் பொடி வேணும். டாக்டர் கிட்ட "சத்து டானிக்" கேட்காதீங்க, "வீட்டுச் சாப்பாட்டுல குறையறதை நிரப்புற பொடி"ன்னு கேளுங்க, ரெண்டும் வேற. அந்தப் பொடியிலேயே கால்சியம் இருந்தா முட்டை ஓட்டை அதுக்குத் தகுந்த மாதிரி குறைக்கணும். மாட்டுக்கு வாங்கி வச்ச தாது உப்புக் கலவையில ஒரு சிட்டிகை போடுறது வேண்டவே வேண்டாம், அது அசை போடுற வயித்துக்கான கணக்கு. வாரம் ரெண்டு நாள் கறியில 50 கிராம் குறைச்சு மத்தி மீன் போட்டா ஒமேகா 3க்கும் வைட்டமின் டிக்கும் நல்லது. குக்கர்ல முள் நசுங்குற வரைக்கும் விடுங்க. நசுங்கின முள்ளைச் சேர்த்துப் போடுற அன்னைக்கு ஓட்டுப் பொடியைப் பாதியாக்குங்க.

இதெல்லாம் முடியாதுன்னா, "முழு உணவு"ன்னு அச்சடிச்ச நல்ல பாக்கெட் தீவனமே போடுங்க. வெறும் கறிசோத்தை விட அது எவ்வளவோ மேல். பாக்கெட்டுன்னாலே விஷம்னு பேசுறது இப்போ ஃபேஷன் ஆயிடுச்சு.

எடை மாறினா அளவு நேர்க்கணக்குல ஏறாது. 20 கிலோ நாய்க்கு ரெண்டு மடங்கு இல்லை, 1.7 மடங்கு. 30 கிலோவுக்கு 2.3 மடங்கு, 5 கிலோவுக்கு 0.6. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓடுற நாய்க்கும், ஏற்காட்டுக் குளிர்ல வெளியவே படுக்கிற நாய்க்கும் இன்னும் கூடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கை வச்சா தட்டுப்படணும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எடை பார்த்து எல்லாத்தையும் ஒரே விகிதத்துல 10 சதவீதம் ஏத்தி இறக்குங்க. சோத்தை மட்டும் கூட்டினா விகிதம் கெட்டுடும்.

குட்டிக்கு இந்த அளவுகள் எதுவும் செல்லாது. லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் கம்மியானாலும் கெடுதல், கூடினாலும் எலும்பு கோணும். ஒரு வயசு வரைக்கும் குட்டிகளுக்கான தீவனம்தான் பத்திரம். சினை நாய், சிறுநீரகம் கெட்ட நாய்க்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துல கேட்டுத்தான் தட்டு மாத்தணும்.

தட்டுக்கு வெளிய நடக்கிறதையும் கவனிங்க. சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடும்போது கீழ நிக்கிறவனுக்கு ஒண்ணு போடுறோம், அதுல வெங்காயமும் பூண்டுச் சட்னியும். குழம்புல வெந்த வெங்காயமும் அதே விஷம்தான், சிவப்பணுவை உடைக்கும். தினம் கொஞ்சம்னாலும் சேரும். உண்ணி போகும்னு பூண்டு கொடுக்கிறதை இன்னையோட விடுங்க. மாம்பழ சீசன்ல கொட்டையை முழுங்கிக் குடல் அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போறதுண்டு. மலையில வெண்ணெய்ப்பழக் கொட்டையும் அப்படித்தான். காபித் தோட்டத்துப் பக்கம்னா பழம் பறிக்கிற மாசங்கள்ல உதிர்ந்த பழம், தோல் குவிஞ்ச குழி பக்கம் விடாதீங்க. காஃபீன் ஏறினா நெஞ்சு படபடக்கும், உடம்பு நடுங்கும். உடனே டாக்டர்தான். திராட்சை, சாக்லேட், சுகர்ஃப்ரீ சூயிங்கம்ல இருக்கிற சைலிட்டால்ங்கிற இனிப்பு, இதெல்லாம் நாய்க்கு விஷம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நம்புறேன்.

நம்ம சித்திரை வெயில்ல தட்டுல அரை மணி நேரத்துக்கு மேல சோறு கிடக்கக் கூடாது. ஃபிரிட்ஜ்ல மூணு நாள், அதுக்கு மேலன்னா ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு பிரிச்சு ஃப்ரீசர்ல. புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாள்ல மாத்தாதீங்க. முதல் மூணு நாள் கால் பங்கு புதுசு, அடுத்த மூணு நாள் பாதி, அப்புறம் முக்கால், பத்தாவது நாள் முழுசு. நடுவுல மோஷன் இளகினா முந்தின அளவுக்கே திரும்பிப் போய், கட்டியாகிற வரைக்கும் அங்கேயே நில்லுங்க.