பெடலை அடுக்கும் முன் ஆம்பைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற சிறு பெட்டிகளான பெடல்களை எந்த வரிசையில் மாட்டுவது என்று இணையத்தில் தேடினால் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வரும். ட்யூனர், வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவர்ப், கடைசியில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப். அந்தப் படம் தப்பில்லை. ஆனால் ஆம்பை ஓரத்தில் ஒரு கட்டமாக வரைந்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். வரிசையைத் தீர்மானிப்பதே அந்தக் கட்டம்தான். புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைகள் படத்தைப் பார்த்து அப்படியே மாட்டுகிறார்கள், சத்தம் குழம்புகிறது, உடனே இன்னொரு பெடல் வாங்கப் போகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பெடல் ஒன்றும் சும்மா கிடைக்கிற பொருள் இல்லை.

ஆம்புக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதலில் பிரீஆம்ப். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மெலிந்த சிக்னலைத் தூக்கி, பேஸ், மிட், ட்ரெபிள் நாப்கள் வழியாக அதற்கு ஒரு குணம் கொடுப்பது அது. அடுத்தது ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் ஆம்ப். கெயின் நாபைத் திருப்பும்போது வருகிற கரகரப்பு பெரும்பாலும் பிரீஆம்பில்தான் உருவாகிறது. ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: என் டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, தரையில் இருக்கும் பெடலில் உண்டாகிறதா, ஆம்புக்குள் உண்டாகிறதா?

இதைக் காதாலேயே சோதிக்கலாம். ஆம்பில் கெயின் சேனலைப் போடுங்கள். எதிரொலி கொடுக்கும் டிலே பெடலை 400 மில்லிசெகண்டில் வைத்து, மூன்று நான்கு ரிப்பீட் வருகிற மாதிரி செட் செய்து, ஆம்பின் முன்பக்க இன்புட்டில் மாட்டுங்கள். ஒரு ஈ மைனர் கார்டை அடித்துவிட்டுக் கையை எடுங்கள். எதிரொலி தேய்ந்து போகாமல் அதே பலத்தில் திரும்பத் திரும்ப மோதும். சிக்னலின் உச்சிகளை வெட்டிச் சமமாக்குவதுதான் டிஸ்டார்ஷனின் வேலை. முதல் அடியையும் மெலிந்துபோன மூன்றாவது எதிரொலியையும் அது ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதன் மேல் அடுத்த கார்டை அடித்தால் இரண்டும் சேர்ந்து நசுங்கி, எந்தக் கார்டு என்றே புரியாது.

இப்போது அதே பெடலை ஆம்பின் பின்னால் இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பில் மாட்டுங்கள். சென்டிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், பெடலின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு கேபிள். அவ்வளவுதான். லூப் இருப்பது பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில். கரகரப்பு முடிந்த பிறகு டிலே வேலை செய்வதால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிடச் சன்னமாகிப் பின்வாங்கும். பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற முழக்கம் கொடுக்கும் ரிவர்புக்கும் இதே கதைதான். சில ஆம்ப்களில் லூப்புக்குப் பக்கத்தில், அதில் போகும் சிக்னலின் அளவைத் தேர்ந்தெடுக்க, -20, +4 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். தரை பெடல்களுக்கு -20 தான் பொருந்தும். +4-ல் விட்டால் பல பெடல்கள் உள்ளேயே திணறும்.

லூப்பே இல்லாத ஆம்ப் என்றால்? ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், 22 வாட் டீலக்ஸ் ரிவர்ப் எல்லாம் அறுபதுகளின் வடிவமைப்பு, லூப் கிடையாது. அவற்றைக் கரகரப்பு இல்லாமல் கிளீனாக வைத்து, டிஸ்டார்ஷனைப் பெடலில் எடுத்து, டிலேயை அதற்குப் பின்னால் வைத்தால் ஒரு குறையும் இல்லை. ரோலண்ட் 1975-ல் கொண்டுவந்த ஜேசி-120 இன்னும் வசதி. டிரான்சிஸ்டர் ஆம்ப், 60 வாட் வீதம் இரண்டு பக்கம், எவ்வளவு ஏற்றினாலும் தெளிவு கலையாது. அதன் முன்னால் எல்லாப் பெடலையும் நேராக மாட்டிவிடலாம். இணையத்தில் சுற்றும் அந்தப் படம் இப்படிப்பட்ட ஆம்புக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வேண்டுமென்றே தலைகீழாக வைத்தவர்களும் உண்டு. எடி வான் ஹாலன் சுழல்வது போன்ற சத்தம் கொடுக்கும் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 பெடலை, கரகரக்கும் மார்ஷல் ஆம்பின் முன்னால்தான் வைத்தார். மை பிளடி வாலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் முழக்கம் தலைகீழாக எழும் ரிவர்ஸ் ரிவர்பை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்து, அந்தக் குழப்பத்தையே தன் அடையாளமாக மாற்றிக்கொண்டார். அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. நான் கேட்பதும் அந்தத் தெளிவைத்தான்.

முரட்டுக் கரகரப்பு கொடுக்கும் ஃபஸ் பெடல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்கள் கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகப் பேச விரும்புகிறவை. நடுவில் பஃபர், அதாவது சிக்னல் வழியில் பலம் குறையாமல் காக்கும் சிறு சர்க்யூட், உள்ள பெடல் வந்தால் சத்தம் கூர்மையாகிக் காதைக் குத்தும், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு அழகாகத் தெளிகிற அந்தக் குணமும் போய்விடும். பாஸ் நிறுவனத்தின் ட்யூனரில் பஃபர் இருக்கிறது. அதனால் ட்யூனர்தான் முதலில் என்ற விதி இங்கே செல்லாது, ஃபஸ் முதலில், ட்யூனர் அப்புறம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ளதாக இருந்தால் வெயிலிலும் அது மாறும். சூடு ஏற ஏற அதன் கசிவு மின்னோட்டம் கூடி, சத்தம் அறுந்து அறுந்து வரும். சென்னையில் மே மாதம் திறந்தவெளி மேடையில் வாசிப்பவர்கள் சிலிக்கான் ஃபஸ் வைத்துக்கொள்வது நிம்மதி.

அதற்காகப் பஃபரையே பகையாகப் பார்க்கிற வழக்கத்தையும் நான் ஏற்க மாட்டேன். நீளமான கேபிளும், அணைத்திருக்கும்போது சிக்னலைத் தொடாமல் நேராக விடும் ட்ரூ பைபாஸ் பெடல்கள் வரிசையாக எட்டும் இருந்தால் மேல் ஸ்தாயி மங்கிவிடும். ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரு நல்ல பஃபர் இருந்தால் அது திரும்பி வரும்.

சோலோ வரும்போது சிக்னலைத் தூக்கும் பூஸ்ட் பெடலை மிதித்தும் சத்தம் ஏறவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பூஸ்ட்டை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் கரகரப்புத்தான் கூடும். உச்சி ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கிறதே, உயர இடம் ஏது? டிரைவ் பெடலுக்குப் பின்னால் வையுங்கள். ஆம்பின் கெயினில் வாசிக்கிறவர்கள் லூப்பில் வையுங்கள். மெட்டல் வாசிப்பவர்கள் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலில் டிரைவை அடியிலும் லெவலை உச்சத்திலும் வைத்து ஆம்புக்கு முன்னால் போடுவது வேறு காரணத்துக்காக: அது அடி பேஸைக் குறைத்து மிட்டைத் தள்ளுவதால் ரிஃப் இறுக்கமாகக் கேட்கும்.

இரைச்சலை மட்டும் வரிசையை மாற்றித் தீர்க்கப் பார்க்காதீர்கள். டிஜிட்டல் டிலேயையும் ஓவர்டிரைவையும் ஒரே அடாப்டரில் கிளை பிரித்து மாட்டினால் ஒரு மெல்லிய விசில் சத்தம் நுழையும், கெயின் அதைப் பெரிதாக்கும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிந்த அவுட்புட் உள்ள பவர் சப்ளை வாங்குங்கள். அடுத்த பெடலுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பெடலின் அடியில் எத்தனை மில்லி ஆம்பியர், சென்டர் நெகட்டிவ்தானா (பிளக்கின் நடுமுனை நெகட்டிவா) என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஹம் என்கிற உறுமல் வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுகிற பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கிட்டார் கம்பிகள் ஆம்பின் கிரவுண்டோடு இணைந்தவை. உங்கள் விரல் கம்பியில், உதடு மைக்கில் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் அது உங்கள் உடல் வழியாகத்தான் பாயும். 1972-ல் ஸ்வான்ஸீ நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஹம் வந்தால் ஆம்பையும் பெடல்போர்டையும் ஒரே எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். மிக்ஸருக்குப் போகும் லைனில் ஹம் என்றால் கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸில், அந்த லைனின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சைப் போடுங்கள். இரண்டும் சரிவரவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேடையின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை கிட்டாரைக் கையில் எடுக்க வேண்டாம்.