ஈக்களுக்கும் ஓவிய ஆசை

நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் நிலக்காட்சி வரைகிறேன் என்றால் எல்லோருக்கும் பொறாமை. என்ன அமைதி, என்ன வெளிச்சம்! வாருங்கள், இந்த ஈக்களோடு ஒரு காலைப்பொழுது குடித்தனம் நடத்திப் பாருங்கள். கண்ணீர், வியர்வை, எச்சில், எது கிடைத்தாலும் குடிக்கும். மூக்கில் ஒன்று, இமையோரம் இரண்டு. முகத்துக்கு வலை மாட்டினால் மலையே சல்லடைக்குப் பின்னால் போய்விடுகிறது. கழற்றினால் ஈ வாய்க்குள் நுழைகிறது.

அரும்பாடுபட்டு மெக்டொன்னல் மலைத்தொடருக்கு ஊதா கலந்து, வானத்தையும் பூசி முடித்தால், ஈரமான எண்ணெய் வண்ணத்தில் ஒரு ஈ வந்து சப்பென்று ஒட்டிக்கொண்டு ஆறு காலையும் உதறுகிறது. இடுக்கியால் எடுத்தால் இறக்கை மட்டும் தங்கிவிடும். அதைப் பறவை என்று சொல்லி விற்கட்டுமா? சரி, சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறலாம் என்றால், 40 டிகிரி வெயிலில் தூரிகை கேன்வாஸைத் தொடுமுன்பே காய்ந்து தொலைக்கிறது. அப்புறம் காற்று. செம்மண்ணை வாரி இறைத்து, படத்தின் முன்புறத்தை அதுவே வரைந்து கொடுக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா இதே மலைகளை நீர்வண்ணத்தில் அவ்வளவு தெளிவாக வரைந்தாரே, அவருக்கு மட்டும் ஈக்கள் விடுமுறை விட்டனவா?

இத்தனைக்கும் பிறகு, நகரத்திலிருந்து வருகிறவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “மண் இவ்வளவு சிவப்பாகவா இருக்கும்? கொஞ்சம் ஓவரா இல்லை?” என் பூட்ஸைக் கவிழ்த்துக் காட்டட்டுமா சார்?